கறுக்காத க்ரீம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கம்பெனிக்குள் நுழைந்து பையைக்கூட வைக்கவில்லை, முதலாளி கூப்பிடுகிறார் என்றார்கள். போனால், மேசை நிறைய மூடி திறந்த க்ரீம் டப்பாக்கள். செத்த எலியைக் காட்டுவதுபோல் ஒன்றை விரல்நுனியால் என் பக்கம் தள்ளினார். "என்னம்மா இது, மேலெல்லாம் டீக்கறை மாதிரி?"

லேபில் நான் உருவாக்கின க்ரீம். மாதுளைத் தோலில் இருந்து எடுத்த சாறு கலந்தது. வாங்கினவர்கள் கடையில் திருப்பிக் கொடுக்கிறார்களாம். திறந்து வைத்தால் மேல்பக்கம் பழுப்பாகிறதாம். ஆகும். ஆகத்தான் செய்யும். நறுக்கி வைத்த ஆப்பிள் ஏன் நிறம் மாறுகிறது? காற்று பட்டு. வெயிலும் புகையும் நம் முகத்தை அப்படித்தான் மெல்ல மெல்லக் கெடுக்கின்றன. மாதுளைச் சாறு குறுக்கே போய் நின்று அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. வாங்கினதால் கறுக்கிறது. டப்பா மேல் கொட்டை எழுத்தில் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று அடித்து வைத்திருக்கிறாரே, அதற்கு அர்த்தமே இதுதான். எல்லாம் பொறுமையாகத்தான் சொன்னேன். காற்றும் வெளிச்சமும் புகாத பம்ப் வைத்த கறுப்பு பாட்டில் கொடுங்கள், கறுப்பது வெகுவாகக் குறையும், சத்தும் வீணாகாது என்றும் சொன்னேன்.

"கறுப்பு பாட்டில்ல இருக்கிறதை யாரும்மா மூஞ்சில போடுவா? இருமல் மருந்துன்னு நினைப்பாங்க."

பக்கத்தில் பளபளா நின்று தலையாட்டிக்கொண்டிருந்தான். விற்பனைப் பிரிவு. எதைப் பார்த்தாலும் 'பளபளன்னு இருக்கணும்' என்பதால் லேபில் நாங்கள் வைத்த பெயர். "மேடம், கஸ்டமருக்கு வெள்ளைன்னாதான் சுத்தம். பழுப்புன்னா கெட்டுப்போச்சு."

கெட்டுப்போகவில்லை, வேலை செய்கிறது என்று எத்தனை முறை சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். பல்தான் வலிக்கிறது.

மார்ச் 5, புதன்

இன்றும் அதே டப்பா, அதே பேச்சு. சுவரோடு பேசியிருந்தால் எதிரொலியாவது வந்திருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். மதியம் முழுக்க என் கட்டிலில் படுத்துக்கொண்டு பேசினாள். பேச்சு எங்கே சுற்றினாலும் அந்த முன்மேசை நாற்காலியில் வந்து நின்றது.

கண் ஆஸ்பத்திரியில் முன்மேசை அவளுடைய வேலை. உள்ளே வருகிறவர்களுக்குப் பெயர் பதிந்து, டோக்கன் கொடுத்து, பயந்தவர்களைத் தைரியப்படுத்தி உட்காரவைப்பாள். இரண்டு கன்னத்திலும் கறும்பழுப்புத் திட்டாக மங்கு வந்தது. மேலாளர் அம்மா ஒருநாள் கூப்பிட்டு, "வர்றவங்க முதல்ல பாக்குற முகம் இல்லையா, கொஞ்ச நாள் உள்ள இருங்களேன்" என்று பழைய ஃபைல் அறைக்குள் தள்ளிவிட்டாள். கொஞ்ச நாள் என்றது வருஷமாகிவிட்டது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

"கண்ணுல மருந்து ஊத்திக்கிட்டு உக்காந்திருக்கிறவங்களுக்கு என் கன்னம் எங்கடி தெரியுது?" என்று அக்காவே சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இந்த க்ரீமை முதலில் போட்டுப் பார்த்த முகம் அவளுடையது. மங்கு போய்விடவில்லை. போகும் என்று நான் சொல்லவும் இல்லை. வெளியே போனால் சன்ஸ்கிரீன், கையில் குடை, கூடவே என் க்ரீம். இதுதான் என் வைத்தியம். வெயிலில் போய் வந்தால் வரும் சிவப்பும் எரிச்சலும் குறைந்தது. கன்னம் மென்மையாயிற்று. மங்கு மேலே பரவாமல் நின்றது, ஓரங்கள் கொஞ்சம் மங்கின. ஒரு பழத்தோல் இவ்வளவு செய்கிறதே, போதாதா? சிவப்பழகு கேட்டால் நான் எங்கே போவது, அது அதன் வேலையும் இல்லை.

மார்ச் 19, புதன்

என்னை ஷாம்பு பக்கம் மாற்றிவிட்டார்கள். "உங்க திறமை அங்கதாம்மா தேவைப்படுது." காதில் பூ சுற்றுவதற்கும் ஒரு நாசூக்கு வேண்டும். க்ரீமை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். "அது ஓடிக்கிட்டிருக்கு, நீங்க கவலைப்படாதீங்க."

கவலைப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குக் கவலையே ஆரம்பிக்கிறது. வீட்டில் இவரிடம் சொன்னேன். ரிப்பேருக்கு யாரோ கொண்டுவந்து போட்ட ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டே, "சம்பளம் வருதில்ல, விடு" என்றார். ஃப்ரிட்ஜோடு சேர்த்து அவரையும் மூடிவிடலாம் போல இருந்தது.

ஏப்ரல் 2, புதன்

அக்கா போனில் குதிக்கிறாள். என் க்ரீமை முதலில் பூசியவள் என்று யாரோ சொல்லி, பளபளா அவளை அழைத்துப் போட்டோ எடுத்தானாம். 'பயன்படுத்தியவர் முகம்' என்று விளம்பரத்தில் போடப்போகிறார்களாம். ஒரு பெட்டி நிறைய புது க்ரீமும் கொடுத்து அனுப்பினானாம்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, அவள் முகம், அவள் இஷ்டம். சந்தோஷமாக இருக்கிறாள், நான் ஏன் நடுவில் மூஞ்சியைத் தூக்கிக்கொள்ள வேண்டும்?

ஏப்ரல் 10, வியாழன்

விளம்பரம் வந்துவிட்டது. பார்த்தேன்.

அது அக்காவே இல்லை. இடது பக்கம் 'முன்பு' என்று ஒரு முகம், இருக்கிற மங்கைவிடக் கறுப்பாக ஆக்கியிருக்கிறார்கள். வலது பக்கம் 'பின்பு', சுண்ணாம்பு அடித்த சுவர். மங்கு இல்லை, மூக்கருகே இருக்கும் மச்சம் இல்லை, சிரித்தால் விழும் கோடு இல்லை. என் கூடப் பிறந்தவளைத் தேய்த்துக் கழுவி ஊற்றிவிட்டு வேறு யாரையோ வைத்திருக்கிறான்.

பளபளாவிடம் போய்க் கேட்டேன். "லைட்டிங் மேடம்" என்றான். லைட்டிங்கா? உன் மூஞ்சிக்கு ஒரு லைட்டிங் கொடுக்கிறேன் வா என்று தொண்டை வரை வந்துவிட்டது.

அதைவிடக் கொடுமை, அக்காவுக்கு அந்தப் படம் பிடித்திருக்கிறது. "நல்லாத்தானே இருக்கேன்" என்கிறாள். மேலாளர் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "இப்படி ஆயிட்டீங்கன்னா முன்மேசைக்கே வந்துடலாமே" என்றாளாம். தினமும் நேரில் பார்க்கிற முகத்தை நம்பாமல் படத்தை நம்புகிறாள் மகராசி. கண் ஆஸ்பத்திரி நடத்துகிறார்களாம், கண் ஆஸ்பத்திரி.

ஏப்ரல் 11, வெள்ளி

அக்காவோடு பேசவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

மே 3, சனி

இன்று அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் துப்பட்டாவைக் கன்னம் வரை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். எடு என்றேன். எடுக்கவில்லை. நானே எடுத்தேன்.

இரண்டு கன்னமும் வெந்துபோயிருக்கின்றன. சிவந்து, தடித்து, அங்கங்கே பழைய மங்கைவிடக் கறுப்பாகத் திட்டுத் திட்டாக. பஸ் ஸ்டாப்பில் நின்ற அன்று எரிய ஆரம்பித்ததாம். வேலை செய்கிறது போலிருக்கிறது என்று நினைத்து அதன் மேலேயே இன்னும் பூசியிருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். "உன் க்ரீம்டி அது, உன்கிட்டயே எப்படிக் குறை சொல்றது" என்றாள்.

குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து நனைத்து ஒற்றிக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தேன்.

க்ரீம் டப்பா ஜன்னல் மேடையில் இருந்தது, நல்ல வெயில் விழும் இடத்தில். மூடி எங்கேயோ உருண்டு போய்விட்டதாம். வெயிலில் வைக்காதே, மூடாமல் வைக்காதே என்று தலையில் அடித்துச் சொல்லியிருக்கிறேன். திட்டலாம் என்று கையில் எடுத்தேன்.

வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"எப்ப திறந்தது இது?"

"அவங்க குடுத்த அன்னிக்கே."

என் க்ரீம் அந்த ஜன்னலில் ஒரு வாரம் தாங்காது, தேன் நிறத்துக்கு வந்துவிடும். இது மாதம் தாண்டியும் அசையவில்லை. மூக்கருகே கொண்டுபோனேன், குப்பென்று எலுமிச்சை. நான் எலுமிச்சையைக் கிட்டவே சேர்த்ததில்லை. பழத்தோலைப் பிழிந்து எடுக்கிற அந்த எண்ணெய் தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் சுடும், வெந்த இடம் கறுக்கும். படிக்கிற காலத்தில் பாடமாகவே இருந்தது.

மங்கு இருக்கிறவள் முகத்துக்கு. என் அக்கா முகத்துக்கு. நான் போட்டது என்று நம்பிப் பூசினாளே, பாவி.

தோல் டாக்டரிடம் உடனே கூட்டிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார், களிம்பு எழுதிக் கொடுத்தார். ஆறும், கறுப்பு குறையத்தான் நாளாகும் என்றார்.

மே 5, திங்கள்

நேரே கலவைக் கூடத்துக்குப் போனேன். பெரிய பானையை ஓட்டுகிறவரைச் சட்டி அண்ணன் என்போம். என்னைப் பார்த்ததும் துடைத்த இடத்தையே துடைக்க ஆரம்பித்தார்.

"என்ன அண்ணா போட்டீங்க?"

"போடச் சொன்னாங்க, போட்டேன். உங்க சாறு பேருக்கு ஒரு சொட்டு. வெள்ளைப் பவுடர் நிறைய. வாசனைக்கு எலுமிச்சை எண்ணெய்." கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே, "அந்த ஒரு சொட்டையும் கொதிக்கிறப்பவே ஊத்தச் சொன்னாங்கம்மா, ஆற வைக்க நேரமில்லன்னு" என்றார்.

கொதிக்கிற பானையில் ஊற்றினால் அதில் என்ன உயிர் மிஞ்சும்?

முதலாளி அறைக் கதவைத் தட்டாமல் திறந்தது இதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. "லேபிள்ல மாதுளைன்னு போட்டிருக்கோம். உள்ள மாதுளை இருக்கு. இதுல பொய் எங்கம்மா இருக்கு?"

அப்புறம் எலுமிச்சை எண்ணெய் எதற்கு என்றேன்.

"எலுமிச்சையும் பழம்தானே. பழம் தோலுக்கு நல்லதுன்னு நீங்கதானே பாடம் எடுத்தீங்க."

பழம் நல்லது என்றா சொன்னேன்? எந்தப் பழம், அதில் எந்தப் பாகம், எப்படிப் பிரித்தது, எந்தச் சூட்டில் கலந்தது, இதில் ஒன்று தப்பினாலும் மருந்து விஷமாகிவிடும் என்றுதானே தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். அக்கா கன்னத்தைப் பற்றிச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன், நான் ஒரு மடச்சி.

"பதினேழாம் தேதி கடைக்காரங்க, பார்லர்காரங்க எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிட்டிருக்கு. உங்க அக்கா மேடையில வந்து நின்னு ரெண்டு வார்த்தை பேசணும். அதுக்குள்ள ஆறிடும்ல? இல்லேன்னா பவுடர் போட்டுக்கட்டும்."

மே 7, புதன்

அக்காவுக்கும் எனக்கும் இன்று பெரிய சண்டை. போக மாட்டாள் என்று நினைத்தேன். போகிறாளாம்.

"அந்த மேலாளர் அம்மா வர்றேன்னு சொல்லியிருக்கு. மேடையில பாத்துட்டா அடுத்த நாளே நாற்காலி என்னுது."

"உன் மூஞ்சியை வேக வெச்சவன் மேடைக்கா?"

"உன் கோபம் உனக்கு நல்லா இருக்குடி. நீ லேபுல வெளிச்சத்துல உக்காந்து கோபப்படுறே. நான் ஜன்னல் இல்லாத ரூம்ல உக்காந்திருக்கேன். எனக்கு அந்த நாற்காலி வேணும். பொய் சொல்லித்தான் கிடைக்கும்னா சொல்லிட்டுப் போறேன்."

எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது ஆயிரம் பதில் தோன்றியது. யாருக்கு வேண்டும் அது இப்போது?

கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. முதலாளி மேலா, அந்த மேலாளர் அம்மா மேலா, இவள் மேலா? எல்லார் மேலும். வெள்ளை நிறத்தைக் கண்டுபிடித்தவன் எவனோ அவன் மேலும்.

மே 17, சனி

எழுதிவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.

ஹால் வாசலிலேயே அந்தப் படம், ஆள் உயரத்துக்கு மேல். அக்கா முழுக்கப் பவுடர் அப்பிக்கொண்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனாள். நான் கடைசி வரிசையில், கைகளைக் கட்டிக்கொண்டு. எழுந்து கத்திவிடுவது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். என்ன கத்துவது என்றுகூட மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரம்பிக்கும் முன்னே பார்லர் நடத்தும் ஒரு பெண் படத்தின் முன் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்திலும் மங்கு. அக்கா பக்கத்தில் வந்ததும் அடையாளம் தெரிந்து, கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு எத்தனை நாள்லங்க போச்சு? நான் பூசாத பூச்சு இல்ல." அக்கா கையை விடுவித்துக்கொண்டாள். "இதோ வந்துடறேன்" என்று பாத்ரூம் பக்கம் போனாள்.

மேடையில் பெயரைக் கூப்பிட்டார்கள். வரவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். பளபளா ஓடினான். அவனுக்கு முன்னால் அக்காவே வந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பவுடர் ஒரு துளி இல்லை. சிவப்பு, தடிப்பு, கறுப்புத் திட்டு, மூக்கருகே மச்சம், எல்லாம் அந்த விளக்கு வெளிச்சத்தில். அவளுக்குப் பின்னால் அந்தச் சுண்ணாம்புப் படம்.

முதலாளி மைக்கைக் கொடுக்கத் தயங்கினார். அக்கா அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதுபோல் தெளிவாகச் சொன்னாள்.

"பின்னாடி இருக்கிறது நான் இல்ல. நான் இதுதான். என் தங்கச்சி போட்டுக் குடுத்த க்ரீம் திறந்து வெச்சா கறுக்கும், என் கன்னம் நல்லா இருந்துச்சு. இவங்க குடுத்தது கறுக்கவே இல்ல. என் கன்னம்தான் கறுத்துச்சு."

மைக்கை அணைத்துவிட்டார்கள். அதற்குள் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடித்திருந்தாள். இரண்டாவது வரிசையில் அந்தப் பார்லர் பெண் எழுந்தாள். "அந்தக் கறுக்கிறது எங்க கிடைக்கும்?"

நான் ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

முன்வரிசையில் மேலாளர் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அக்கா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

மே 19, திங்கள்

வேலை போயிற்று. கேட்டில் செக்யூரிட்டி, "உள்ள விட வேண்டாம்னுட்டாங்க மேடம்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். என் வெள்ளைக் கோட்டு உள்ளேயே கிடக்கிறது. பளபளாவே போட்டுக்கொள்ளட்டும்.

ஜூன் 6, வெள்ளி

கடைகள் அந்த க்ரீமைத் திருப்பி அனுப்புகின்றனவாம், சட்டி அண்ணன் போன் செய்தார். படத்தை எடுத்துவிட்டார்களாம். முதலாளி எங்கே போனாலும் 'ஒரு சின்னத் தவறு' என்கிறாராம். சின்னதாம். என் அக்கா கன்னம் அவருக்குச் சின்ன இடம்.

அக்கா இன்னும் ஃபைல் அறையில்தான். நாற்காலி போனதுக்கு என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அது இன்னும் வலிக்கிறது. ஆனால் துப்பட்டா இழுத்து மூடுவதை விட்டுவிட்டாள், குடை மட்டும் பிடிக்கிறாள். மேலாளர் அம்மாவிடம் போய், "என் வேலையில குறை இருந்தா சொல்லுங்க, கன்னத்துல இருந்தா சொல்லாதீங்க" என்று கேட்டாளாம். பதில் வரவில்லையாம். திங்கள்கிழமை மறுபடி கேட்கப்போகிறாளாம். அதற்கடுத்த திங்களும் கேட்பாளாம்.

யாரோ வேண்டாமென்று விட்டுப்போன ஃப்ரிட்ஜை இவர் சரிசெய்து பின்கட்டு அறையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். "உன் சாறுக்கு சில்லுன்னு இடம் வேணும்ல" என்றார். விடு விடு என்று சொன்ன மனுஷன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இப்போது வீட்டிலேயே போடும் க்ரீமைப் பார்லர் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, வழியில் கண் ஆஸ்பத்திரிக்குள் எட்டிப் பார்த்தேன். நான் கொடுத்து வந்தது கறுப்பு பாட்டில், காற்று புகாத பம்ப், மேலே நான் கையால் எழுதி ஒட்டிய சீட்டு: இது வெளுக்க வைக்காது. அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள் என்று பார்லர் பெண் சொல்கிறாள், எனக்கே நம்ப முடியவில்லை.

முன்மேசையில் அக்கா. போன மாதம் அங்கே உட்கார்ந்திருந்த பெண் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். கூட்டம் அலைமோதிய அன்று அக்கா யாரையும் கேட்காமல் போய் உட்கார்ந்துவிட்டாளாம். எழுந்திரு என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. வெந்த தடிப்பு ஆறிவிட்டது. மங்கு இருக்கிறது, கன்னத்தில் இருந்த அதே இடத்தில்.

கண்ணில் மருந்து ஊற்றிக்கொண்ட ஒரு பெரியவர் மேசையைத் தடவித் தடவி வந்தார். அக்கா எழுந்து கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு சின்ன டப்பாவை என் முன் வைத்தாள். நான் போட்டுப் பார்க்கக் கொடுத்த பழைய டப்பா. மூடியைக் காணோம். மேல்பக்கம் தேன் நிறத்துக்கு வந்திருந்தது.

"திறந்தே வெச்சிருந்தியா? உன்கிட்ட எத்தனை தடவை சொல்றது" என்று ஆரம்பித்தேன்.

"வேணும்னேதாண்டி வெச்சேன்" என்றாள். "கறுக்குதான்னு பாக்கணும்ல. சரி, புதுசு எப்ப குடுப்பே?"

மாதுளைத் தோல் நாளை வருகிறது. பின்கட்டு அறையில் நிழலாகப் பார்த்துப் பரப்ப வேண்டும்.